செக்கர்ஸ் பாக்கெட்டிலிருந்து பேரேடு வரை: டர்பனில் கணக்கு எழுதும் தொழில் தொடங்க

டர்பனில் பிளாஸ்டிக் பை எந்தக் கடையிலிருந்து வந்தாலும் அதற்குப் பெயர் செக்கர்ஸ் பாக்கெட்தான். என் முதல் வாடிக்கையாளர் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அங்கிள். பதினொரு மாத ரசீதுகளை அப்படி மூன்று பாக்கெட்டுகளில் திணித்து, முடிச்சுப் போட்டு, என் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் இதிலே இருக்கு, மை கேர்ள்" என்றார். பிரித்துப் பார்த்தால் பாதி ரசீதில் எழுத்தே இல்லை. மெஷினில் சூட்டால் அச்சாகும் தாள் அது. வண்டியின் டேஷ்போர்டில் வெயில் பட்டு வெள்ளையாகிவிட்டது.

நான் ஊரில் பி.காம். படித்து, டாலி மென்பொருளில் சில வருடம் கணக்கு எழுதியவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது பற்றும் வரவும் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்று தெம்பாக இருந்தேன். பற்று வரவு ஒன்றுதான். ஆனால் எந்தத் தேதிக்குள் எதைக் கொடுக்க வேண்டும், எந்தப் பொருளுக்கு வரி உண்டு, எந்த வேலையை நான் செய்யவே கூடாது என்பதெல்லாம் வேறு. அவற்றைத் தெரிந்துகொள்ளப் பட்ட அடிகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கணக்கு ஓரளவு தெரிந்த, ஆனால் தென்னாப்பிரிக்காவில் அந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்கு இது.

விசாவைப் பாருங்கள்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கணவர் வேலை விசாவில் வந்து, நீங்கள் அவருக்குத் துணையாக வந்திருந்தால், அந்த விசாவில் வேலை செய்யவோ தொழில் நடத்தவோ அனுமதி கிடையாது. வீட்டிலிருந்தபடி நாலு கடைக்குக் கணக்கு எழுதுவதும் தொழில்தான். நிரந்தர வசிப்புரிமையோ, தொழில் செய்யும் அனுமதி தெளிவாக எழுதப்பட்ட விசாவோ கைக்கு வரும்வரை படிப்பில் நேரம் செலவிடுங்கள். ஊர்ப் பட்டத்தை இந்நாட்டின் தகுதி ஆணையமான சாக்வாவிடம் அனுப்பி மதிப்பீடு வாங்கி வைப்பது அந்தக் காலத்துக்கு ஏற்ற வேலை. பின்னால் எந்தக் கணக்காளர் அமைப்பில் சேரப் போனாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள்.

எது உங்கள் வேலை, எது இல்லை

புதிதாக வருகிறவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ரசீதுகளைப் பதிவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது, பில் போட்டுக் கொடுப்பது, மாதக் கடைசியில் லாப நட்டக் கணக்கு எடுப்பது எல்லாம் புக்கீப்பிங். இதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருடைய வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலோ, வரிச்சட்டம் பற்றி ஆலோசனை சொன்னாலோ, 2011-ஆம் ஆண்டின் வரி நிர்வாகச் சட்டம் 240-ஆம் பிரிவின்படி நீங்கள் வரித்துறையான சார்ஸிடம் பதிவு செய்த டேக்ஸ் பிராக்டிஷனராக இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு முன்பாக அங்கீகாரம் பெற்ற ஒரு கணக்காளர் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். சைப்பா, சைக்கா, சீபா, ஐசிபிஏ போன்றவை அவற்றில் சில. வருமான வரிப் படிவத்துக்கு மட்டுமல்ல, மதிப்புக்கூட்டு வரியான வாட் படிவத்துக்கும் இதே கதைதான்.

அப்படியானால் புதியவர் என்ன செய்வது? சட்டத்திலேயே வழி இருக்கிறது. பதிவு பெற்ற ஒரு பிராக்டிஷனரின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்தால் உங்களுக்குத் தனிப் பதிவு தேவையில்லை. நீங்கள் கணக்கை முடித்து, வாட் கணக்கீட்டைத் தாளில் போட்டு அவரிடம் கொடுக்கிறீர்கள். அவர் பார்த்து, தன் பெயரில் அனுப்புகிறார். முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கும் இதுவே நல்ல வழி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. கடைக்காரர் சார்ஸின் இணையத் தளமான இ-ஃபைலிங்கில் தனக்குள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் வாட்ஸாப்பில் அனுப்பி "நீயே போட்டுவிடம்மா" என்பார். வாங்காதீர்கள். ரீஃபண்டு பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டால் முதல் கேள்வி பாஸ்வேர்டு யார் கையில் இருந்தது என்பதாகத்தான் இருக்கும். பிராக்டிஷனர் தன் இ-ஃபைலிங்கிலிருந்து கோரிக்கை அனுப்ப, வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்து மாற்றிக்கொள்ளும் முறை இருக்கிறது.

பதிவு, பேங்க், மென்பொருள்

இந்தப் பகுதியைப் பலரும் பெரிதாக நினைத்து மாதக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். உண்மையில் இதுதான் சுலபம். தனி ஆளாக, உங்கள் சொந்தப் பெயரில் தொழில் செய்ய, கம்பெனிகளைப் பதிவு செய்யும் சிஐபிசியில் எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கம்பெனி வேண்டுமென்றால் சிஐபிசி தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், செலவு அதிகமில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் ஆண்டு அறிக்கை தாக்கல், கம்பெனி உண்மையில் யாருடையது என்னும் பயனுரிமையாளர் விவரம் என்று வேலை நீளும். இரண்டு மூன்று வாடிக்கையாளர் வரும்வரை சொந்தப் பெயரே போதும் என்பது என் கருத்து.

பேங்க் கணக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தனியாக இருக்கட்டும். அடுத்தவர் கணக்கை ஒழுங்குபடுத்த வருகிறவரின் சொந்தக் கணக்கில் பள்ளிக்கூட ஃபீஸும் மீன் வாங்கிய காசும் கலந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

மென்பொருளில் சேஜ், ஸீரோ, குயிக்புக்ஸ் மூன்றும் இங்கே அதிகம் புழங்குகின்றன. நம் சென்னை ஸோஹோவின் புக்ஸும் உண்டு. பழைய கடைகளில் இன்னும் பாஸ்டல் என்ற பெயரைத்தான் சொல்வார்கள், அது இப்போது சேஜ் குடும்பம். எதைக் கற்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சேர்ந்து வேலை செய்யப்போகும் பிராக்டிஷனர் எதை வைத்திருக்கிறாரோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மின்வெட்டுக் காலத்தில் இணையத்தில் இருந்த கணக்குகள் தப்பித்தன. மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்தன, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கடைகளுக்குள் சேறு புகுந்தது. அவற்றில் காகிதமாக மட்டும் இருந்த கணக்குகளும் போயின. இதைச் சொன்னால் டர்பன் கடைக்காரருக்கு ரசீதைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்வதன் காரணத்தை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

தேதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

நம் ஊரில் கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கும். இங்கே தனிநபருக்கு வரி வருடம் மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. கம்பெனிக்கு அது தேர்ந்தெடுத்த நிதியாண்டு, ஆனால் பெரும்பாலான சிறு கம்பெனிகள் பிப்ரவரியையே வைத்துக்கொள்கின்றன. ஊர்ப் பழக்கத்தில் மார்ச் 31 வரை பதிந்துகொண்டே போய், ஒரு மாதச் செலவை அடுத்த வருடத்திலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறேன். ட்ரையல் பேலன்ஸ் அழகாக ஒத்துப்போனது. தப்பான கணக்கும் ஒத்துப்போகும் அல்லவா?

மாத வேலையில் முக்கியமானது 7-ஆம் தேதி. ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தால் பிடித்த வரி, யுஐஎஃப் என்னும் வேலையின்மைக் காப்பீடு எல்லாம் சேர்த்து ஈஎம்பி 201 படிவமும் பணமும் அடுத்த மாதம் 7-க்குள் போக வேண்டும். 7-ஆம் தேதி சனி, ஞாயிறு அல்லது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாள்தான் கடைசி, பிந்தையது இல்லை. இந்த ஒரு வரி தெரியாமல் பத்து சதவீத அபராதம் கட்டிய கடைகளைப் பார்த்திருக்கிறேன். யுஐஎஃப் தொழிலாளி பங்கு ஒரு சதவீதம், முதலாளி பங்கு ஒரு சதவீதம். வருடச் சம்பளப் பட்டியல் ஐந்து லட்சம் ராண்டைத் தாண்டினால் எஸ்டிஎல் என்னும் திறன் மேம்பாட்டு வரி இன்னொரு சதவீதம். லட்சம் என்று நான் எழுதுவது உங்களுக்காக. வாடிக்கையாளரிடம் "ஃபைவ் ஹண்ட்ரட் தௌசண்ட்" என்றுதான் சொல்ல வேண்டும், லட்சக் கணக்கு இங்கே யாருக்கும் பிடிபடாது.

வாட் பெரும்பாலான சிறு கடைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இ-ஃபைலிங் வழியாக அனுப்புகிறவர்களுக்கு, காலம் முடிந்த அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. தாமதமானால் இங்கேயும் பத்து சதவீதம், அதற்குமேல் வட்டி.

இதெல்லாம் வாடிக்கையாளருக்கு. உங்களுக்கும் ஒன்று உண்டு. சம்பளம் இல்லாமல் தொழில் வருமானம் வரத் தொடங்கியதும் நீங்கள் ப்ரொவிஷனல் வரிதாரர், அதாவது வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே வரி கட்டுகிறவர். ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, பிப்ரவரி கடைசியில் ஒன்று என்று ஐஆர்பி 6 படிவம் போட வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்து வேறு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். முதல் வருடம் நான் அப்படிச் செய்யாமல் ஆகஸ்டில் கணவரிடம் கைமாற்று வாங்கினேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய அவமானம். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மளிகைக் கடையில் வாட் கற்றுக்கொள்ளுங்கள்

வாட் 15 சதவீதம். 2018 மார்ச் 31 வரை 14 ஆக இருந்தது. 2025-இல் மே 1 முதல் 15.5 ஆக்கப் போவதாக அறிவித்து, ஒரு வாரத்துக்கு முன்பு திரும்பப் பெற்றார்கள். பில் மெஷினை அவசரமாக மாற்றிய கடைகள் மறுபடியும் மாற்றின. எந்த விற்றுமுதலுக்கு மேல் வாட் பதிவு கட்டாயம் என்ற வரம்பு 2009 முதல் பல வருடங்கள் ஒரு மில்லியன் ராண்டாக இருந்தது. இது பட்ஜெட்டில் மாறக்கூடிய எண். ஒவ்வொரு பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகும் சார்ஸ் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் வாடிக்கையாளரிடம் பேசுங்கள்.

முதல் பாடம், விலைக்குள் இருக்கும் வரியைப் பிரிப்பது. 1,150 ராண்ட் ரசீதில் வாட் எவ்வளவு என்று கேட்டால் புதியவர் 1,150-க்கு 15 சதவீதம் போட்டு 172.50 என்பார். சரியான விடை 150. மொத்தத்தை 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும்.

இரண்டாவது பாடத்துக்கு நம் ஆட்களின் மளிகைக் கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அரிசி, உலர்ந்த பருப்பு, மக்காச்சோள மாவு, சமையல் எண்ணெய், முட்டை, பால், சமைக்காத காய்கறி, பழம், பிரவுன் பிரெட்: இவற்றுக்குச் சுழிய வரி. வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம், ஆனால் 2019 ஏப்ரல் முதல் கேக் மாவுக்கும் வெள்ளை பிரெட் மாவுக்கும் சுழியம். எண்ணெய் சுழியம், ஆலிவ் எண்ணெய்க்கு வரி. தக்காளி சுழியம், டப்பாத் தக்காளிக்கு வரி. டர்பன்காரர்களின் டின் மீன் கறிக்குப் போகும் பில்சார்ட் டப்பாவுக்கு வரி இல்லை. அதே அலமாரியில் பக்கத்தில் இருக்கும் சார்டின் டப்பாவுக்கு உண்டு. மசாலாத் தூளுக்கு எல்லாவற்றுக்கும் வரி. ஆக ஒரே வீட்டுக் குழம்புக்கு வாங்கும் சாமான்கள் ஒரே ரசீதில் இரண்டு விதமாகப் பிரியும். ரசீதின் மொத்தத் தொகையை எடுத்து 15/115 போட்டால் கடைக்காரர் கட்ட வேண்டியதைவிட அதிகம் கட்டுவார், அல்லது கேட்கக் கூடாததைத் திரும்பக் கேட்பார். ரசீதின் அடியில் இரண்டு வரியாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பதியுங்கள்.

மூன்றாவது, திரும்பக் கேட்கக் கூடாதவை. பெட்ரோல், டீசல் சுழிய வரி, ஆகவே கேட்க ஒன்றுமில்லை. விருந்துச் செலவுக்குப் பொதுவாக உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய வாட், திரும்பக் கிடையாது. கார் வாங்கிய வாட்டும் கிடையாது. நான் மாட்டியது இங்கேதான். ஒரு கேட்டரிங்காரர் டபுள் கேப் பக்கி, அதாவது முன்னால் இரண்டு வரிசை இருக்கை உள்ள வண்டி, வாங்கினார். பக்கி என்றால் சரக்கு வண்டிதானே என்று முழு வாட்டையும் கணக்கில் எடுத்தேன். டபுள் கேப் சட்டப்படி மோட்டார் கார் வகையில் சேரும். சிங்கிள் கேப்தான் தப்பும். சார்ஸிலிருந்து கேள்வி வந்து, தொகை நிராகரிக்கப்பட்டு, நான் அந்தக் கேட்டரிங்காரரின் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக பிரியாணி கொடுத்து அனுப்பினார்.

மறந்துவிடக் கூடாதவையும் உண்டு. பேங்க் கட்டணங்களில் வாட் இருக்கிறது; ஸ்டேட்மென்ட்டே அதற்கு ஆவணம். சிறு தொகைதான், வருடத்துக்குச் சேர்த்தால் உறைக்கும். டர்பனின் ஈதெக்வினி மாநகராட்சி பில்லில் மின்சாரம், தண்ணீருக்கு வரி உண்டு, சொத்து வரிப் பகுதிக்குச் சுழியம். ஒரே தாளில் இரண்டும் வரும்.

5,000 ராண்டுக்கு மேற்பட்ட பில்லில் வாங்கியவர் பெயர், முகவரி, அவர் வாட் பதிவு பெற்றவரானால் அவருடைய வாட் எண் எல்லாம் இருக்க வேண்டும். 5,000 வரை சுருக்கமான பில் போதும். "கேஷ்" என்று மட்டும் எழுதிய பெரிய பில்லை அன்றைக்கே திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் விற்றவர் முகம் கொடுக்க மாட்டார். பில்லில் இருக்கும் வாட் எண் உண்மையானதா என்று சார்ஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். 4-இல் தொடங்கும் பத்து இலக்க எண் அது. வேறு எண்ணில் தொடங்கினால் அதை வாட் எண்ணாக ஏற்க வேண்டாம்.

முதல் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்

இணையத்தில் விளம்பரம், அழகான லோகோ, விசிட்டிங் கார்டு எல்லாம் செய்து பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பணம் வந்துபோகும் விஷயத்தை முகம் தெரியாதவரிடம் யார் கொடுப்பார்கள்?

முதல் கதவு, சிறு வரி அலுவலகங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் தனி ஆளாகவோ இரண்டு பேரோடோ நடத்தும் பிராக்டிஷனர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை, பதிவு செய்ய ஆள் இல்லை. வாட் முடியும் மாதக் கடைசியில் போனால் பேசக்கூட நேரம் இருக்காது. ஜூலையில் தனிநபர் வரிப் பருவம் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம். ஜூன் மாதத்தில், மாதத்தின் நடுவில், காலை நேரமாகப் போங்கள். "உங்களிடம் ரொம்ப நாளாகத் தேங்கிக் கிடக்கும் ஒரு பெட்டியைக் கொடுங்கள், பேங்க்கோடு ஒத்துப் பார்த்துத் தருகிறேன்" என்று கேளுங்கள். வேலை கேட்டு வருகிறவர்கள் சான்றிதழ்க் கோப்பை நீட்டுவார்கள். தேங்கிய பெட்டியைக் கேட்டு வருகிறவர் குறைவு. நான் நாலு அலுவலகத்தில் கேட்டேன், மூன்றாவது அலுவலக அம்மா நாற்காலியிலிருந்து எழாமலே மூலையைக் கையால் காட்டினார். அந்த மூலையிலிருந்துதான் என் முதல் வருட வருமானத்தில் பாதிக்குமேல் வந்தது.

அவர் கொடுத்த வேலையின் வாடிக்கையாளரை நேரடியாக இழுத்துக்கொள்ளும் ஆசை வரும். செய்யாதீர்கள். டர்பன் பெரிய ஊர், ஆனால் நம் வட்டம் சின்னது. ஒரு கல்யாண வீட்டில் எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது கதவு, கோவில். இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் கட்டிக் காத்த கோவில்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பெரும்பாலும் கமிட்டி நடத்தும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா பொருளாளராக இருந்து பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருவார். என்பிஓ, அதாவது லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்த ஒன்று, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கையும் கணக்கும் கொடுக்க வேண்டும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவுக்கும் தைப்பூசக் காவடிக்கும் வரும் காணிக்கையை எண்ணி, ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, ஒரே பக்கத்தில் வரவு செலவு எடுத்துக் கொடுங்கள். இதைச் சேவையாகச் செய்யுங்கள், கோவிலில் போய்க் கார்டு நீட்டாதீர்கள். கமிட்டியில் டயர் கடைக்காரர் இருப்பார், கேட்டரிங்காரர் இருப்பார், பள்ளி வேன் ஓட்டுபவர் இருப்பார். அவர்கள் கண்முன்னால் சில்லறை வரை கணக்கு ஒத்துப்போவதைப் பார்த்தபின் அவர்களே கேட்பார்கள். என்னிடம் அவர்கள் கேட்க ஐந்து மாதம் ஆயிற்று.

தமிழ் உதவுமா என்று கேட்கிறார்கள். இங்குள்ள தமிழர் வீடுகளில் பெரும்பாலும் பேச்சு ஆங்கிலம்தான். ஆனாலும் "வணக்கம் அங்கிள்" என்று தொடங்கினால் வயதானவர்கள் முகம் மலரும், பாட்டி சொன்ன இரண்டு வார்த்தையை நமக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதோடு பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விடும். கணக்கையும் ஆங்கிலத்தில் விளக்கத் தயாராக இருங்கள்.

மூன்றாவது, விக்டோரியா தெரு மார்க்கெட், சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட் மாதிரி இடங்கள். சும்மா ஏறி இறங்கிப் பயனில்லை. வழக்கமாக வாங்கும் கடையில், கூட்டமில்லாத நேரத்தில், ஒரே ஒரு கேள்வி: "வாட் வேலையெல்லாம் யார் பார்க்கிறாங்க அங்கிள்?" புலம்பல் வந்தால் அவர் உங்களுக்கு வாடிக்கையாளர் ஆகக்கூடியவர். "என் மருமகன் பார்க்கிறான்" என்று வந்தால் மிளகாய்த் தூளை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மருமகனோடு போட்டி போட முடியாது.

சொந்தக்காரர்களை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். முதல் வருடம் உறவினர் ஒருவர் "சும்மா பார்த்துக்கொடு" என்று சொன்னதை நம்பி எட்டு மாதம் எழுதினேன். இலவசமாகச் செய்த வேலைக்குத்தான் அதிகத் திட்டு வாங்கினேன்.

கட்டணமும் கடிதமும்

மணிக் கணக்கில் பில் போட்டால் கடைக்காரர் ஒவ்வொரு போனையும் யோசித்துத்தான் செய்வார், கேள்விகளைத் தேக்கி வைப்பார். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. அந்தத் தொகைக்கு எப்படி வருவது? ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாங்கி, எத்தனை வரிகள் என்று எண்ணி, நீங்களே கடிகாரம் வைத்துப் பதிந்து பாருங்கள். உதாரணத்துக்கு ஏழு மணி நேரம் ஆகிறது, உங்கள் நேரத்துக்கு மணிக்கு 250 ராண்ட் என்று வைத்தால் 1,750. அதன்மேல் கேள்வி கேட்டு அலையும் நேரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். முதல் தடவை எல்லாரும் அந்த அலைச்சலை விட்டுவிடுகிறார்கள், ஆனால் வேலையில் பாதி அதுதான்.

பழைய மாதங்களைச் சரிசெய்யும் வேலைக்குத் தனி விலை, பாதி முன்பணம். பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்லவே சொல்லாதீர்கள்.

இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் செய்வது, செய்யாதது, ரசீதுகள் எந்தத் தேதிக்குள் உங்களிடம் வர வேண்டும், பணம் எப்போது. "ரசீது 5-ஆம் தேதிக்குப் பின் வந்தால் தாமத அபராதத்துக்கு நான் பொறுப்பல்ல" என்ற ஒரு வரி என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. அடையாள எண், சம்பளப் பட்டியல் எல்லாம் உங்கள் கையில் இருக்கும் என்பதால் போப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர். அதன் முழு அமல் 2021 ஜூலை 1 முதல். குடும்ப வாட்ஸாப் குழு இருக்கும் அதே போனில் வாடிக்கையாளர் ஊழியரின் சம்பளத் தாளை வைத்திருந்தால் ஒரு நாள் அது தப்பான இடத்துக்குப் போகும். தொழிலுக்குத் தனி எண் வாங்குங்கள்.

முதல் மாத வேலை

ரசீதுகளிலிருந்து தொடங்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்தான் முதுகெலும்பு. பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் பேங்க்கிலிருந்து நேராக இறக்கி, ஒவ்வொரு வரியையும் பதியுங்கள். தெரியாதவற்றை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மேலே போங்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தால் வேலை முடியாது. கடைசியில் சஸ்பென்ஸில் இருப்பதைப் பட்டியலாக்கி வாரம் ஒரு முறை ஒரே செய்தியாக அனுப்புங்கள். தினம் மூன்று கேள்வி அனுப்பினால் பதில் நின்றுவிடும். டர்பன் அங்கிள்கள் எழுத்தில் பதில் தர மாட்டார்கள், வாய்ஸ் நோட் வரும். பின்னால் டிவி சத்தத்தோடு. கேட்டு, எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரொக்கம். கல்லாவிலிருந்து காய்கறிக்காரருக்குக் கொடுத்தது, பேரன் ஸ்கூல் ஃபீஸ், காவடிக்கு வாங்கிய பூ எல்லாம் பேங்க்கில் தெரியாது. மெஷினில் அன்றாட விற்பனை 6,000, பேங்க்கில் போட்டது 4,500 என்றால் மீதி 1,500 எங்கே என்று கேட்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்துங்கள். தனி ஆள் கடையில் வீட்டுக்கு எடுத்தது ட்ராயிங்ஸ். கம்பெனியாக இருந்தால் அது இயக்குநர் கடன் கணக்கில் போய் உட்கார்ந்து வருடக் கடைசியில் தலைவலி தரும். "என் கடை, என் காசு" என்பார்கள். கம்பெனியின் காசு என்று மெதுவாக, மூன்று நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது குடும்பப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். என்னிடம் கோவெண்டர் நாலு பேர், நாயுடு மூன்று பேர், மூட்லி இரண்டு பேர். அதிலும் பிள்ளை ஒருவர் கடைசி எழுத்தை ஒரு விதமாகவும் அவர் தம்பி வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். கடைப் பெயரும் வரி எண்ணும் சேர்த்து வையுங்கள். ஒரு கோவெண்டரின் ஸ்டேட்மென்ட்டை இன்னொரு கோவெண்டருக்கு அனுப்பிய நாளில் நான் தூங்கவில்லை.

மாத முடிவில் ஒரே பக்கம் கொடுங்கள்: விற்பனை, செலவு, பேங்க் இருப்பு, அடுத்து கட்ட வேண்டிய வாட் தொகையும் தேதியும். பத்துப் பக்க அறிக்கையைக் கடையில் யாரும் படிப்பதில்லை. சொன்ன தேதிக்கு அந்த ஒரு பக்கம் வந்துவிட்டால், மூன்றாவது வாட் முடிந்தபின், "உங்களுக்குத் தெரிந்த வேறு யாருக்காவது வேண்டுமா அங்கிள்?" என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். அதற்கு முன்னால் கேட்டால் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

பாக்கெட்டை வாங்கும்போதே எத்தனை காகிதம், எந்த மாதங்கள் என்று ஒரு சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் மாதவாரியாகக் கோப்பில் அடுக்கி, அதே சீட்டில் திருப்பிப் பெற்றதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். சார்ஸுக்காக அவர் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், கம்பெனியானால் ஏழு வருடம். வெளுத்துப் போகும் ரசீதுகளின் போட்டோவையும் ஒரு ஃபோல்டரில் போட்டு அவர் மகளுடைய ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கிள் தன் பாஸ்வேர்டை மறந்திருப்பார்.